ஒரு முட்டைக்கு எத்தனை நிமிடம்

பிப்ரவரி 18

அக்காவுக்கு வாலு எழுதிக்கொள்வது.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ முனகுவது இங்கே கேட்கிறது. போன ஞாயிறு என்ன நடந்தது என்று யோசித்துப் பார். அங்கே அரிசி என்ன விலை என்று கேட்டேன். அரிசியில் ஆரம்பித்த பேச்சு, பதினாலு வயதில் என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நீ விமானம் ஏறிய இடத்தில் போய் நின்றது. இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். அரிசி விலை மட்டும் இன்றுவரை தெரியவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊர்ப் பல் லேப் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பரீட்சைக்காக நான் செய்து அனுப்பிய ஆறு முன்பற்களோடு ஒரு நிஜப் பல்லையும் கலந்து, அங்கே இருக்கும் தலைமை டெக்னீஷியனிடம் காட்டினார்களாம். அவர் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியாக அந்த நிஜப் பல்லை எடுத்து, "இது மட்டும் கொஞ்சம் செயற்கையா இருக்கே" என்றாராம். இதை அவர்களே கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். படித்த பிறகு அரை மணி நேரம் எனக்குக் கை ஓடவில்லை.

சம்பளத்தைப் பார்த்ததும் உன் மாப்பிள்ளை நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். இங்கே ஒரு வாரத்தில் வருவது அங்கே ஒரு நாளில் வருகிறது. குடும்பத்துக்கும் விசா தருகிறார்கள். ஆனால் இவருடைய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லாது. படித்துப் பரீட்சை எழுதி வாங்க ஒரு வருடம் ஆகுமாம். அதுவரை ஸ்கூல் வேன் ஓட்டிய கை சும்மா இருக்கும். ஒரு சம்பளம், மூன்று வயிறு. இங்கே என் முதலாளியிடம் சொன்னேன். "போனா போனதுதாம்மா. உன் ஸ்டூல்ல மறுநாளே ஆள் உக்காந்துரும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அங்கே கணக்கு உதைத்தால் திரும்பி வர எனக்கு இடம் கிடையாது. மே பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

அதனால் கூடவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நேரே விலையைப் போட்டு அனுப்பு. காசில் போடாதே, உன் ஊர்க் காசு எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் வாங்கப்போகும் சம்பளத்தைப் பட்டியலின் மேலே எழுதியிருக்கிறேன். எத்தனை நிமிடம் வேலை செய்தால் அந்தப் பொருள் கைக்கு வரும் என்று போடு. நிமிடம் எனக்கு நன்றாகப் புரியும். ஒரு கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்க இருபது நிமிடம். இங்கே ஒரு முட்டைக்கு நாலு நிமிடம், அதாவது பல்லில் ஒரு மேடு. பிரெட் பாக்கெட் முக்கால் பல். வீட்டு வாடகை மாதம் நாற்பத்தைந்து மணி நேரம், அதாவது நாலு பேர் வாயை முழுசாக நிரப்பலாம்.

சுண்டெலி கேட்கச் சொன்னாள், அங்கே பென்சில் எத்தனை நிமிடம் என்று. ஆறு வயதுக்கு அவளும் அம்மா மாதிரியே கணக்குப் பார்க்கிறாள்.

வாலு


மார்ச் 2

அடி வாலு,

நிமிடக் கணக்கெல்லாம் உனக்குத்தான் தோன்றும். ஓட்டல் சலவைக்கூடத்தில், இஸ்திரி போடும் உருளை மெஷினில் என்னோடு சேர்ந்து விரிப்பு கொடுப்பவளிடம் சொன்னேன். "உன் தங்கச்சி பல்லு செய்யறவளா, இல்ல பேங்க்ல இருக்கறவளா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே நாலு விரிப்பைக் கோணலாக உள்ளே விட்டுவிட்டோம், அத்தனையையும் மறுபடி நனைக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தலைமை டெக்னீஷியன் சொன்னதை மூன்று தடவை படித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதிவிட்டேன், இனிமேல் இதைப் பற்றிக் கேட்காதே.

நீ கேட்ட விலைகள். முட்டை ஒரு நிமிடம். பிரெட் இரண்டு நிமிடம். பால் ஒரு லிட்டர் மூன்று. தக்காளி கிலோ மூன்று. அரிசி கிலோ ஆறு, இப்போதாவது தெரிந்துகொள். ஷூ முப்பது நிமிடம், நல்ல தோல் ஷூ, பாலிஷ் போட்டால் முகம் தெரியும். மத்தியானச் சாப்பாடு சுழி. பஸ் சுழி. முடி வெட்டச் சுழி. டாக்டருக்கு எவ்வளவு என்று தெரியாது, நான் போனதில்லை. வாடகை மாதம் இருபத்திரண்டு மணி நேரம், கரண்ட், தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். பென்சில் சுழி. விருந்தாளிகள் அறைக்கு அறை விட்டுவிட்டுப் போகிறார்கள், சுண்டெலிக்கு என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. நான் கொடுப்பதை அப்படியே போட்டிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஊர் எப்படி என்று ஃபோனில் கேட்டாய். அதை எப்படிச் சொல்வது. எங்கள் ஓட்டலில் நாற்பது மாடி, அறுநூற்றுப் பன்னிரண்டு அறை. அழுக்கு விரிப்பெல்லாம் மேலேயிருந்து ஒரு பெரிய குழாய் வழியாக என் தலைக்குப் பக்கத்தில் வந்து விழும். வந்த முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மேலேயிருந்து ஆள்தான் விழுந்துவிட்டது என்று அலறினேன். பதினாலு வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு நாளில் இரண்டாயிரம் விரிப்பு இறங்குவதைப் பார்க்கும்போது, இத்தனை பேர் எங்கிருந்துதான் வந்து படுத்துவிட்டுப் போகிறார்கள் என்று எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

நன்றாக யோசித்துச் செய். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அக்கா


மார்ச் 10

அக்கா,

உன் கடிதத்தை உன் மாப்பிள்ளை சத்தமாகப் படித்தார். முட்டை ஒரு நிமிடம் என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நான் ஒரு பல்லைச் செதுக்கி முடிப்பதற்குள் இருபது முட்டை. என்ன தேசம் அக்கா அது.

அதைவிடப் பெரிய அதிசயம் அந்தச் சுழிகள். பஸ் இலவசம், மத்தியானச் சோறு இலவசம், முடி வெட்டுவதுகூட இலவசம். இவர் தன் முடிதிருத்துநரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர் கத்திரியை அப்படியே நிறுத்திவிட்டு, "அப்ப வெட்டறவனுக்கு யார் சம்பளம் தருவா?" என்று கேட்டாராம். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் "கவர்மென்ட்டு" என்று சொல்லியிருக்கிறார். இப்போது அவரும் விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரு முழுக்க இதே பேச்சு.

மாதம் எண்பது மணி நேரச் சம்பளத்தில் மூன்று பேரும் ராஜபோகமாக இருக்கலாம் என்று கணக்கு வருகிறது. மிச்சம் தொண்ணூறு மணி நேரம். நான் நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். இத்தனை வருடம் இப்படி ஓர் இடத்தில் இருந்துகொண்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் காதும் காதும் வைத்த மாதிரி இருந்திருக்கிறாயே. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சித்தி வீட்டில் நான் மற்றவர்கள் போட்டுக் கழித்ததைப் போட்டுக்கொண்டிருந்தபோது நீ தோல் ஷூவில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. சரி, அது பழைய கதை.

சுண்டெலியின் பள்ளியில் சொல்லிவிட்டோம். வீட்டுச் சாமானை யார் யாருக்குக் கொடுப்பது என்றும் பேச ஆரம்பித்துவிட்டோம்.

வாலு


மார்ச் 14

அக்கா,

போன கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே இதையும் எழுதுகிறேன். லேப்பிலிருந்து ஒரு தாள் வந்தது. புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்வதற்காக ஊர் விலையெல்லாம் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். நான் அதை நிமிடமாக மாற்றினேன். முட்டை மூன்று நிமிடம். பிரெட் எட்டு. முடி வெட்ட ஒரு மணி நேரம். பஸ் பாஸ் ஓர் ஆளுக்கு மாதம் ஆறு மணி நேரம். இரண்டு அறை கொண்ட வீட்டுக்கு வாடகை தொண்ணூற்றைந்து மணி நேரம், கரண்ட் தனி.

அதோடு, நூற்றெழுபது மணி நேரம் வேலை செய்தால் பிடித்தமெல்லாம் போக நூற்று முப்பத்தைந்து மணி நேரச் சம்பளம்தான் கைக்கு வருமாம். வாடகை, கரண்ட், சாப்பாடு, இரண்டு பஸ் பாஸ் மட்டும் நூற்று அறுபத்திரண்டு. மாதம் இருபத்தேழு மணி நேரம் துண்டு விழுகிறது. காய்ச்சல் வராமல், செருப்பு அறுந்து போகாமல் இருந்தால்.

நீ ஏன் பொய் எழுதினாய்? சுண்டெலியின் பெயரைப் பள்ளியில் இருந்து எடுத்திருப்பேன். இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டிருப்பேன். நீ அங்கே தனியாக இருந்து அலுத்துப் போயிருக்கிறாய், எப்படியாவது எங்களை இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்திருக்கிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெருவில் தலை காட்ட முடியவில்லை. முடிதிருத்துநர் இவரைப் பார்த்ததும் கத்திரியைத் தட்டிக் காட்டிச் சிரிக்கிறார்.

பதில் எழுதுவதானால் உண்மையை எழுது.


மார்ச் 25

தங்கைக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஒன்றில் ராஜபோகம், இன்னொன்றில் பொய்க்காரி. கையெழுத்துப் போடக்கூட உனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும்.

உண்மை கேட்டாய். எழுதுகிறேன், பொறுமையாகப் படி. முட்டைக் கடைக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. ஓடு கீறிய முட்டைகளை அங்கே அட்டையோடு மூன்றில் ஒரு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கே வேக வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. பிரெட், கடை சாத்தும் நேரத்துக்குப் போய் நின்றால் முந்தின நாளுடையது கிடைக்கும். தக்காளியும் அப்படித்தான். ஷூ ஏதோ ஒரு விருந்தாளி மறந்துவிட்டுப் போனது. ஆறு மாதம் யாரும் வந்து கேட்காவிட்டால் எங்களுக்கே விற்றுவிடுவார்கள். எனக்கு ஒரு சைஸ் பெரியது, முனையில் பஞ்சு வைத்திருக்கிறேன். பஸ் சுழி, ஏனென்றால் நான் நடக்கிறேன். போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். முடியை அறையில் இருப்பவள் வெட்டிவிடுவாள், அவளுக்கு நான் வெட்டிவிடுவேன். மத்தியானம் ஓட்டலில் ஊழியர்களுக்குப் போடுவார்கள். வாடகை வீட்டுக்கு இல்லை. ஒரு அறையில் நாலு கட்டில், கீழே இரண்டு மேலே இரண்டு. அதில் மேல் கட்டில் ஒன்று என்னுடையது. அதற்குத்தான் இருபத்திரண்டு மணி நேரம். அதுவும் உன் சம்பளத்தில். என் சம்பளம் உன்னுடையதில் பாதி.

உனக்குப் பொய் எழுத எனக்கு என்ன தலையெழுத்தா? என்ன விலை என்று கேட்டாய், நான் என்ன கொடுக்கிறேனோ அதை எழுதினேன். எனக்கு வேறு விலை தெரியாது. சத்தியமாக, உன் லேப்காரர்கள்தான் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்களோடு சண்டை போடுகிற வேகத்தில், லீவு நாளில் காலை பதினொரு மணிக்கு அதே கடைக்கு முன்வாசல் வழியாகப் போனேன்.

வாலு, அந்தக் கடைக்கு முன்பக்கம் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. ஒரு சுவர் முழுக்க முட்டை. வெள்ளை, பழுப்பு, இளநீலம்கூட இருந்தது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. சூடான பிரெட்டை ஒருத்தி அப்போதுதான் அடுக்கிக்கொண்டிருந்தாள், அந்த வாசனையில் எனக்குக் கால் நகரவில்லை. விலையைப் பார்த்தேன். உன் தாளில் இருப்பது சரி. நான் பதினாலு வருடமாக வாழ்கிற ஊரில் வேறு யாருமே வாழவில்லை போலிருக்கிறது.

உன்னை நடுத்தெருவில் நிறுத்த இருந்தேன், அது என் தப்பு. ஆனால் உன்னை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன் என்று எழுதினாயே, அது மட்டும் எனக்கு வலித்தது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

என்னை மன்னித்துவிடு. இதை ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் கடிதத்தை லேப்பில் வைத்துப் படித்தேன். பக்கத்து ஸ்டூல்காரி, பீங்கான் தூள்தான் கண்ணில் விழுந்துவிட்டது என்று தண்ணீர் கொண்டு வந்தாள்.

உன் சம்பளத்தை இப்போதுதான் முதல் தடவையாக எழுதியிருக்கிறாய். நான் இத்தனை நாள் கேட்கவும் இல்லை. நேற்று நீ எனக்கு அனுப்பியதையெல்லாம் உன் சம்பளத்து மணி நேரமாக மாற்றிப் பார்த்தேன். என் மூன்று வருடப் படிப்புக்கு நீ கட்டியது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி என்று வைத்தால், ஒரு ஞாயிறுகூட விடாமல் ஒரு வருடம் முழுக்க. அந்த வருடம் நீ தின்றது, உடுத்தியது எல்லாம் வேறு கணக்கில். என் கல்யாணத்துக்கு ஆயிரத்து நூறு மணி. சுண்டெலி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பதினெட்டு நாளுக்கு எண்ணூற்று நாற்பது மணி. அப்போது நீ ஃபோனில் என்ன சொன்னாய் தெரியுமா? "இங்க சம்பளம் கொட்டுதுடி, கவலைப்படாம டாக்டர் சொல்றதைச் செய்" என்றாய். நானும் நம்பினேன். கீறிய முட்டையில் இருந்தா அக்கா அதையெல்லாம் எடுத்தாய்?

அதோடு பேனாவை வைத்துவிட்டேன். என்னால் கூட்ட முடியவில்லை. நான் பல் செய்கிறவள், என் கையைப் பார்த்து ஆட்கள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு உன்னை நினைத்தால் ஆச்சரியம் அடங்கவே மாட்டேன் என்கிறது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். நீ அதைச் செய்துவிட்டு, சுழி என்று ஒரு எழுத்துப் போட்டு முடித்துவிட்டாய்.

நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நான் மட்டும் வருகிறேன். உன் அறையில் கட்டில் காலியானால் அதை எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் பின்வாசலைக் காட்டு. இவர் வேனை ஓட்டிக்கொண்டு சுண்டெலியைப் பார்த்துக்கொள்வார். ஒரே வருடம். அதற்குள் கொஞ்சம் சேர்த்துவிட்டால் இவர்களை அழைத்துக்கொள்ளலாம். கணக்கு இதில் மட்டும்தான் உதைக்காமல் நிற்கிறது.

வாலு


ஏப்ரல் 12

வாலு,

மணி நேரக் கணக்கை அங்கேயே கிழித்துப் போடு. யார் உன்னைக் கூட்டச் சொன்னது?

நீ தனியாக வரக்கூடாது. கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாகச் சொல்கிறேன். நானும் ஒரே வருடம் என்றுதான் உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீ சித்தி வீட்டு வாசலில் நின்றுகொண்டு தலையை ஆட்டினாய். அந்த ஒரு வருடம் முடிந்தபோது உன் பரீட்சைக்குப் பணம் தேவைப்பட்டது, அப்புறம் இன்னொன்று, அதற்கப்புறம் வேறொன்று. திரும்பி வந்து பார்த்தபோது நீ என்னைவிட உயரமாக இருந்தாய், என்னிடம் "சாப்பிடறீங்களா" என்று கேட்டாய். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "சாப்பிடறியா" என்று மாற்றினாய். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும். சுண்டெலி உன்னிடம் அப்படிக் கேட்க வேண்டாம்.

இந்தத் தடவை லீவு நாளில் வேறொரு காரியம் செய்தேன். காசு கொடுத்துப் பஸ் ஏறினேன். இத்தனை வருடத்தில் பத்து தடவை ஏறியிருந்தால் அதிகம். மாடி பஸ்ஸில் மேலே போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது, எனக்குத் தெரியாது. பாலத்தின் நடுவில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், அதற்கு மேலே கண்ணாடிக் கட்டடங்கள், அதில் எங்கள் ஓட்டலும் ஒன்று. அதன் முன்பக்கத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். வெயில் பட்டுத் தகதகவென்று நின்றது. இத்தனை உயரத்தின் அடியிலா நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் லேப் வாசலில் இறங்கினேன். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். உள்ளே வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, பன்னிரண்டு பேர் மூச்சுவிடாமல் குனிந்து ஏதோ செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. அதுதான் உன்னுடையதாக இருக்கும். பக்கத்திலேயே பல் கிளினிக். உள்ளே போய், ஒரு முன்பல் கட்ட எவ்வளவு என்று கேட்டேன். என் சம்பளத்தில் எழுபது மணி நேரமாம். என் தங்கை கையால் ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ போகும் என்று அங்கே விலை சொன்ன பெண்ணிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. வெளியே வந்து அந்த ஜன்னலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன், அவ்வளவுதான்.

இதற்கு மேலே மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். கண்டுகொள்ளாதே. வேறு ஏதாவது வழி யோசி.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

நீ அடித்த மூன்று வரியையும் படித்துவிட்டேன். பல் நிறம் பார்க்கும் விளக்கு ஒன்று எங்களிடம் இருக்கிறது. பல்லுக்குள் மயிரிழை விரிசல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும், உன் பேனா மை எம்மாத்திரம்? தாளைப் பின்பக்கம் திருப்பி அதன் கீழே வைத்தேன். "நானும் உங்களோடு இருந்தால் வாடகை பிரியும். ஆனால் புருஷன், பெண்டாட்டி, குழந்தைக்கு நடுவில் நான் எதற்கு. மனிதர்களோடு ஒரு வீட்டில் இருக்கும் பழக்கமும் எனக்கு விட்டுப்போய்விட்டது." இதுதானே எழுதியிருந்தாய்? இதைப் போய் ஏன் அடித்தாய்?

உன் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். தாளை வாங்கி அடித்த வரிகளைத் தானும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "நடுவுல எதுக்குன்னு கேக்கறாங்களா? அவங்க இல்லன்னா அந்த நடுவே இருந்திருக்காதுன்னு எழுது" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் எதையும் கெஞ்சப் போவதில்லை. நீ எங்களோடு இருப்பதானால் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். நீ இல்லை என்றால் நான் மட்டும் வருவேன், உன் அறையில்தான் கட்டில் கேட்பேன், நீ என்னைத் தினமும் பார்த்துக்கொண்டிரு. மே எட்டாம் தேதி தபால்காரரைப் பார்த்துவிட்டு, தனி விசாவா குடும்ப விசாவா, எதில் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்வேன்.

சுண்டெலியிடம் அம்மா ஒரு வருடம் வெளியூர் போகலாம் என்று சொல்லிவைத்தோம். "ஒரு வருஷம்னா எத்தனை தடவை தூங்கணும்?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதற்கு அப்புறம் யாரைக் கேட்பது என்று கேட்டாள்.

வாலு


ஏப்ரல் 27

வாலு,

உன் விளக்கை உடைத்துப் போட வேண்டும். அடுத்தவர் அடித்ததைப் படிப்பது என்ன பழக்கம்?

கடிதம் வந்ததிலிருந்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரியிடம் லீவு கேட்டேன். நான் லீவு கேட்டதும் அவர் பயந்துவிட்டார், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். வீடு பார்க்கப் போகிறேன் என்றேன்.

ஐந்து வீடு பார்த்தேன். நாலில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. ஐந்தாவது, பாலத்துக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு சமையல் மேடை. சமையல் மேடைக்கு எதிரே ஜன்னல். அதைத் திறந்ததும் ஆறு தெரிந்தது. எனக்கு வேலை செய்யும் இடத்தில் ஜன்னல் கிடையாது, படுக்கும் இடத்தில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ குழந்தையைக் குளிக்க வரச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கிறது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. தரகர் அம்மாள் இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள்.

உனக்குக் கணக்கு இல்லாமல் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன். வாடகை உன் சம்பளத்தில் தொண்ணூற்றிரண்டு மணி நேரம். நாலு பேர் சாப்பாடு அறுபத்திரண்டு, முழு முட்டை போட்டுத்தான் கணக்குப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்குப் பதினெட்டு, கரண்டுக்குப் பத்து. உன் கையில் வருவதோடு என் கையில் வருவதையும் சேர்த்தால் இருபத்தெட்டு மணி நேரம் மிஞ்சுகிறது. பக்கத்துத் தெருவில் பள்ளி. அங்கே ஃபீஸ் என்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டேன், ஒன்றும் கேட்க மாட்டார்களாம். இந்தச் சுழி நிஜமான சுழி, உள்ளே போய் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன் பெண் என்னைப் பார்த்து மிரளலாம். நான் காலையில் நாலரைக்கு எழுந்து பாத்திரத்தை உருட்டுவேன், யாராவது விளக்கை அணைக்காமல் விட்டால் திட்டுவேன். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவை. அவர் சொல்லியனுப்பியதைப் படித்தேன். அந்தத் தாளை மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

முன்பணம் கட்டிவிட்டேன், ரசீது உள்ளே இருக்கிறது. தரகர் அம்மாள் நிரப்பச் சொல்லி ஒரு தாள் கொடுத்தாள். பெயர், வேலை, சம்பளம் எல்லாம் மளமளவென்று எழுதினேன். வீட்டில் இருக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. பதினாலு வருடமாக இந்த ஊரில் எந்தத் தாளில் அப்படிக் கேட்டாலும் என் கை தானாக ஒன்று போட்டுவிடும். இந்தத் தடவையும் போட்டுவிட்டது. அப்புறம் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் நான்கு என்று எழுதினேன். கட்டத்துக்குள் இடம் போதாமல் எழுத்து கோணிவிட்டது. "வேற தாள் தரட்டுமா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன்.

அக்கா